பேர் பொருந்தலன்னு ஐசிஎஸ்-300 கிளாஸ் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க

ஐசிஎஸ்-300ங்கறது இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம், அதாவது ஒரு பேரிடர்ல யார் யாருக்குக் கீழ என்ன வேலை பாக்கணும்னு வகுத்து வச்சிருக்கற முறைய சொல்லித்தர கிளாஸ். அதுக்காக மூணு நாள் லீவு போட்டு, பிப்ரவரி குளிர்ல அஞ்சு மணிக்கு எழுந்து, ரோடெல்லாம் ஐஸ், அம்பது நிமிஷம் ஓட்டிட்டுப் போய் சேர்ந்தா ரெஜிஸ்ட்ரேஷன் டேபிள்லயே நிறுத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய நாலு கோர்ஸோட சர்டிபிகேட்டும் கையில பிரிண்ட் எடுத்து வச்சிருந்தேன். ஏழு மாசம் ஆச்சு, இப்ப கிளாஸும் முடிச்சாச்சு, ஆனா அந்த காலைய நினைச்சா இன்னும் வயிறு எரியுது. இங்க வாலண்டியர் ஆம்புலன்ஸ், ஃபயர், செர்ட் (பேரிடர்ல உதவ பயிற்சி எடுத்த அக்கம்பக்கத்து ஆளுங்க) டீம்னு இருக்கற நம்ம ஆளுங்களுக்காகத்தான் எழுதறேன், அதுலயும் பாஸ்போர்ட்ல சர்நேம் இல்லாம அமெரிக்கா வந்து இறங்கினவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க.

நான் நியூஜெர்சில எங்க டவுன் ஆம்புலன்ஸ் ஸ்க்வாட்ல ஈஎம்டி, அதாவது வண்டில போய் முதலுதவி பாக்கற ஆளு. சேர்ந்ததுக்கு காரணம் 2021 செப்டம்பர் 1 ராத்திரி. ஐடா புயலோட மிச்சம் இங்க வந்து கொட்டினப்ப எங்க அபார்ட்மென்ட் பின்னாடி ரோட்ல காரெல்லாம் மிதந்து போச்சு, அந்த ஒரு ராத்திரில இந்த மாநிலத்துல மட்டும் முப்பது பேர்கிட்ட செத்துப்போனாங்க, பாதிப்பேருக்கு மேல காருக்குள்ள மாட்டிக்கிட்டவங்கன்னு அப்புறம் படிச்சேன். எனக்கு உடனே ஞாபகம் வந்தது 2015 டிசம்பர் சென்னை வெள்ளம். அப்பா அம்மா முடிச்சூர் வீட்டு மாடியில உக்காந்திருக்காங்க, நான் இங்கிருந்து போன் மேல போன் போடறேன், படகு இருக்குங்கறாங்க, ஆளு இருக்குங்கறாங்க, சோத்துப் பொட்டலம் கூட இருக்குங்கறாங்க, ஆனா எந்த தெருவுக்கு யாரு போறாங்கன்னு சொல்ல ஒருத்தரும் இல்ல. உதவி பண்ண அத்தனை பேரு வந்தும் சொல்றவங்க யாருன்னு தெரியாம தவிச்சது எனக்கு ஆறவே இல்ல. அதனால இன்சிடென்ட் கமாண்ட் படிப்ப நான் ஒரு கடமைக்காக எடுக்கல.

சரி, விஷயத்துக்கு வரேன். ஸ்க்வாட்ல சேர்ந்தப்ப இதுக்கான அடிப்படை கோர்ஸ் ஐஎஸ்-100, ஐஎஸ்-700 ரெண்டும் ஆன்லைன்ல முடிக்கச் சொன்னாங்க, முடிச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு க்ரூ சீஃப் ஆனப்ப ஐஎஸ்-200, ஐஎஸ்-800. எல்லாமே ஃபீமாவோட (அமெரிக்க அரசோட பேரிடர் துறை) இலவச கோர்ஸ், கடைசில பரீட்சை, 75 சதவீதம் எடுத்தா பாஸ், சர்டிபிகேட் மெயில்ல வந்துரும். அதுல கஷ்டமே இல்ல. ஸ்க்வாட்ல அடுத்த பதவி, லெஃப்டினன்ட் ஆகணும்னா ஐசிஎஸ்-300 வேணும், அது நேர்ல போய் மூணு நாள் உக்காரணும், அதுக்கு இந்த நாலும் முன்னாடியே முடிச்சிருக்கணும்.

வினை எங்க இருந்துச்சுன்னா என் பேர்ல. என் பழைய பாஸ்போர்ட்ல சர்நேம் காலி, நம்ம ஊர்ல இனிஷியல் தானே. அப்படி இருந்தா விசா அடிக்கறப்ப நம்ம பேரத் தூக்கி சர்நேம் கட்டத்துல போட்டுட்டு முதல் பேரு இடத்துல எஃப்என்யூன்னு போட்டுருவாங்க, அதாவது முதல் பேர் தெரியலன்னு அர்த்தம். லைசென்ஸ், பேங்க், எல்லா இடத்துலயும் நான் எஃப்என்யூ தான். முதல் ரெண்டு கோர்ஸும் அந்தப் பேர்ல, அப்ப இருந்த ஆபீஸ் மெயில வச்சு வாங்கின எஸ்ஐடில, அதாவது ஃபீமா குடுக்கற மாணவர் நம்பர்ல முடிச்சது. அப்புறம் பாஸ்போர்ட் ரினியூ பண்றப்ப அப்பா பேர சர்நேமா சேர்த்து ஒவ்வொரு பேப்பரா மாத்தினேன். அடுத்த ரெண்டு கோர்ஸ் எழுத உக்காந்தப்ப பழைய எஸ்ஐடி நம்பர் ஞாபகம் இல்ல, அந்த வேலைய விட்டதால மெயிலும் போச்சு. புதுசா ஒண்ணு வாங்க அஞ்சு நிமிஷம் தான ஆகும்னு வாங்கிட்டேன். அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு நாலு மாசம் செலவு வச்சுது.

எஸ்ஐடிங்கறது ஒரு ஆளுக்கு ஒண்ணுதான், ஆயுசுக்கும் அதேதான், நம்ம முடிக்கற கோர்ஸெல்லாம் அந்த நம்பருக்குக் கீழதான் சேரும். இத யாரும் எனக்கு அழுத்திச் சொல்லல. நான் சொல்றேன், மறந்துட்டா புதுசு வாங்காதீங்க, பழசத் தேடி எடுங்க. ஆபீஸ் மெயில்ல ரெஜிஸ்டர் பண்ணவே பண்ணாதீங்க, சொந்த மெயில் மட்டும்.

அன்னிக்கு ரெஜிஸ்ட்ரேஷன் டேபிள்ல இருந்த லேடி லேப்டாப்பப் பார்த்துட்டு உங்க நம்பர்ல ரெண்டு கோர்ஸ் தான் இருக்குன்னாங்க. நான் பிரிண்ட் அவுட்ட நீட்டினேன். பேர் வேறயா இருக்கே, இது யாரோட சர்டிபிகேட்னு கேட்டாங்க. கேட்ட விதம் சுருக்குன்னு இருந்துச்சு, என் பின்னாடி பன்னண்டு பேர் காபி கப்போட நிக்கறாங்க. பழைய லைசென்ஸ் போட்டோ போன்ல இருந்துச்சு, காட்டினேன், எஃப்என்யூன்னா என்னன்னு விளக்கினேன், அவங்களுக்கு அது புரியவும் இல்ல, புரிஞ்சுக்கற மூடும் இல்ல. எனக்கு தாங்க முடியாத விஷயம் என்னன்னா, மூணு வாரம் முன்னாடியே நாலு பிடிஎஃப்பையும் அவங்களுக்கு மெயில்ல அனுப்பி, கிடைச்சுது, கிளாஸ்ல பார்க்கலாம்னு பதிலும் வந்திருந்துச்சு. அந்த மெயிலையும் காட்டினேன். அது ஆட்டோமேட்டிக்கா போற பதில், யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டாங்கன்னு சாதாரணமா சொல்லிட்டாங்க! வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்த ஒருத்தர என் கண்ணு முன்னாடியே கூப்பிட்டு என் சீட்டக் கொடுத்தாங்க. கார்ல உக்காந்து பத்து நிமிஷம் அழுதேன், அப்புறம் தான் ஸ்டார்ட் பண்ணினேன்.

அடுத்த கிளாஸ் ஜூன்ல. அதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு கிளாஸ் நடத்தற அதே ஆபீசுக்கு போன் போட்டேன். ஸ்க்வாட்ல இருந்து லெட்டர் வாங்கிட்டு வாங்கன்னாங்க, எங்க கேப்டன் லெட்டர்ஹெட்ல எழுதி ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ரெண்டாவது தடவ வேற ஒருத்தர் எடுத்தார், லெட்டரெல்லாம் செல்லாது, நோட்டரி வச்சு அஃபிடவிட் வேணும்னார். அதையும் வாங்கினேன். மூணாவது தடவ அஃபிடவிட்ட வச்சு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது, எங்களுக்கு ஸ்க்ரீன்ல ஒரே நம்பர்ல நாலும் தெரியணும், அவ்வளவுதான்னு மூணாவது ஆள். இத முதல் நாளே சொல்லியிருந்தா ரெண்டு வாரம் மிச்சமாகி இருக்கும். ரெண்டு நம்பரையும் ஒண்ணா சேர்க்க மனு போடலாமான்னு யோசிச்சிட்டு இருந்தப்ப கேப்டன் தான் சொன்னார், எதுக்கும்மா இவ்ளோ அலைச்சல், அந்த ரெண்டு கோர்ஸையும் புது நம்பர்ல திரும்ப எழுதிரு, காசா பணமா.

அதான் பண்ணினேன். ஐஎஸ்-100க்கு ரெண்டு மணி நேரம், ஐஎஸ்-700க்கு மூணரை மணி நேரம்னு போட்டிருக்காங்க, ஒரு சனிக்கிழமை காலைல உக்காந்து சாயங்காலம் குழந்தைய டான்ஸ் கிளாஸ்ல இருந்து கூட்டிட்டு வரதுக்குள்ள ரெண்டும் முடிஞ்சுது. இதே மாதிரி மாட்டினவங்க லெட்டர், நோட்டரின்னு அலையாம நேரா இத பண்ணிருங்க. திரும்பப் படிச்சதுல ஒரு லாபமும் இருந்துச்சு. முதல் தடவ வெறும் மனப்பாடம். இப்ப ஆம்புலன்ஸ்ல ஓடின அனுபவத்தோட படிக்கறப்ப, ஒருத்தர் கீழ அஞ்சு பேர் இருந்தா ரொம்ப நல்லதுன்னு வர இடத்துல, ஒரு ஹைவே ஆக்சிடென்ட்ல பதினோரு பேர் ஒரே ஆளோட முகத்தப் பார்த்துட்டு நின்னது அப்படியே கண்ணுல வந்துச்சு.

ஜூன்ல போனேன். அதே டேபிள், வேற ஆளு, அரை நிமிஷத்துல பேட்ஜ் கொடுத்துட்டாங்க.

கிளாஸ் பத்தி. பாடம் எடுத்தவர் ரிட்டயர் ஆன ஃபயர் சீஃப், அருமையான மனுஷன். இந்த சிஸ்டமே எங்க இருந்து பொறந்துச்சுன்னு ஆரம்பிச்சார். 1970ல கலிஃபோர்னியால பதிமூணு நாள் காட்டுத்தீ, 16 பேர் செத்தாங்க, 700 கட்டிடத்துக்கு மேல போச்சு, அஞ்சு லட்சம் ஏக்கருக்கு மேல எரிஞ்சுது. வண்டியும் ஆளும் வந்தாங்க, ஆனா ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு ரேடியோ ஃப்ரீக்வென்சி, ஒரே சாமானுக்கு ஆளுக்கொரு பேரு, எல்லாருக்கும் மேல யாருன்னு முடிவே இல்ல. அதுக்கப்புறம் தான் ஃபயர்ஸ்கோப்னு ஒரு திட்டம் போட்டு இத உருவாக்கினாங்களாம். கேக்க கேக்க எனக்கு முடிச்சூர் மொட்டை மாடி தான்.

முதல் நாள் லெக்சர், ஓடிருச்சு. ரெண்டாவது நாள் தான் வேலையே. எங்க டேபிளுக்கு குடுத்த கதை, கெமிக்கல் டேங்கரோட சரக்கு ரயில் ஸ்கூல் பக்கத்துல தடம் புரண்டிருக்கு, பன்னண்டு மணி நேர ஷிஃப்டுக்கு பிளான் போடணும். ஆறு பேர்ல நான் ஒருத்தி தான் ஈஎம்எஸ் (ஆம்புலன்ஸ் பக்கம்), அதனால மெடிக்கல் பிளான், அதாவது 206 ஃபார்ம் என் தலையில. எனக்கு தெரிஞ்ச வேலை தானன்னு சந்தோஷமா எடுத்து, ட்ரையாஜ் (யாருக்கு முதல்ல சிகிச்சைன்னு பிரிக்கறது) எங்க, பசங்கள எந்த ஹாஸ்பிடலுக்கு அனுப்பறது, பர்ன் சென்டர் எது, ஹெலிகாப்டர் எங்க இறங்கும்னு நெருக்கி எழுதி நீட்டினேன். சீஃப் படிச்சுப் பார்த்துட்டு, நல்லா எழுதியிருக்க, ஆனா நம்ம ஃபயர்மேன் ஒருத்தன் மயங்கி விழுந்தா அவன யார் தூக்கறதுன்னு இதுல எங்க இருக்குன்னு கேட்டார். எனக்கு வாயே வரல. 206 அடிபட்ட பொதுமக்களுக்கு இல்ல, வேலை பாக்கற நம்ம ஆளுங்களுக்கு. அதனால தான் மெடிக்கல் யூனிட் லாஜிஸ்டிக்ஸ், அதாவது வேலை பாக்கறவங்களுக்கு வேண்டியத பாத்துக்கற பிரிவுக்குக் கீழ வருது, சாப்பாடு போடற யூனிட்டோட சேர்த்து. பேஷண்ட்ட பாக்கறது களத்துல இறங்கற ஆபரேஷன்ஸ் பிரிவோட வேலை, அது வேற பக்கம். இத்தனை வருஷம் ஆம்புலன்ஸ்ல இருந்தும் எனக்கு இது தெரியாது. ஈஎம்எஸ்ல இருந்து போறவங்க நிறைய பேர் இங்கதான் விழுவாங்கன்னு அவரே சொன்னார், நீங்க விழாதீங்க.

இன்னொண்ணு, 214 ஃபார்ம். யார் எத்தன மணிக்கு என்ன பண்ணினாங்கன்னு எழுதற டைரி மாதிரி. எங்க டேபிள்ல ரெண்டு பேர் இது வெறும் பேப்பர் வேலைன்னு விட்டுட்டாங்க. ஆனா பெரிய பேரிடர்ல வாலண்டியர் உழைச்ச மணி நேரத்துக்கு ஒழுங்கா ரெக்கார்ட் இருந்தா அத டவுன் தன் கையில இருந்து போட வேண்டிய பங்குச் செலவுல கழிச்சுக்க வழி இருக்கு. எழுதலன்னா நம்ம ராத்திரி முழுக்க நின்னது கணக்குலயே வராது. எழுதுங்க.

ரேடியோல நம்பர் கோடு பேசாதீங்க, பக்கத்து டவுன்ல அதே நம்பருக்கு வேற அர்த்தம் இருக்கும். வாய்ல பழகிப்போச்சுன்னா கிளாஸுக்கு முன்னாடி ஒரு வாரம் சாதாரண வார்த்தையில பேசிப் பழகிட்டுப் போங்க, எனக்கு பயிற்சில மூணு தடவ வழுக்கிச்சு. லன்ச் கட்டிட்டுப் போங்க, சைவம்னா அங்க சாலட்டும் சிப்ஸும் தான். மூணாவது நாள் பரீட்சை, பிளானிங் பி, அதாவது ‘P’ எழுத்து வடிவத்துல திட்டம் போடற படிகளைக் காட்டற படம், அந்த சுத்து வரிசையா மனசுல நிக்கணும், எந்த மீட்டிங் முன்ன, எது பின்னன்னு. மத்தது சுலபம்.

கிளாஸ் முடிச்சு வீட்டுக்கு வந்து, கடலூர் கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆன சித்தப்பாகிட்ட போன்ல இதெல்லாம் சொன்னா, அட இது தான் எங்ககிட்ட இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம்னு 2010ல என்டிஎம்ஏ (தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம்) வழிகாட்டியா வந்துச்சு, மாவட்டத்துல கலெக்டர் தான் பொறுப்பு அதிகாரி, ஆபரேஷன்ஸ், பிளானிங், லாஜிஸ்டிக்ஸ்னு அதே பிரிவு தான்னார். பேப்பர்ல இருந்தா போதாது சித்தப்பா, முடிச்சூர்ல யாரு வராங்கன்னு அப்பாவுக்கு தெரியல இல்லன்னேன். பயிற்சி எல்லாருக்கும் போய்ச் சேரல கண்ணு, அதான் குறைன்னு அவரும் ஒத்துக்கிட்டார்.

ஜூலை 4 வாணவேடிக்கைக்கு எங்க டவுன் பிளான்ல 206 நான் தான் எழுதினேன். வேலைல இருக்கற ஆளுங்களுக்குன்னே ஒரு ஆம்புலன்ஸ ஃபயர் ட்ரக் பின்னாடி தனியா நிறுத்தச் சொல்லி எழுதினப்ப, இருக்கறதே மூணு வண்டி, ஒண்ண இப்படி முடக்கணுமான்னு ஒருத்தர் கேட்டார், கேப்டன் என் பக்கம் நின்னார். ஒம்பது மணிக்கு முழு கியர்ல நின்னுட்டிருந்த ஒரு சின்னப் பையன், ஃபயர் டிபார்ட்மென்ட் வாலண்டியர், வெக்கையில அப்படியே சரிஞ்சுட்டான். ரெண்டு நிமிஷத்துல வண்டிக்குள்ள ஏத்தி ஐஸ் பேக் வச்சாச்சு, கூட்டத்துக்குன்னு நின்ன மத்த ரெண்டு வண்டியும் நகரவே வேண்டியதில்ல. 214ல நேரம் போட்டு எழுதி வச்சிருக்கேன்.

போன வாரம் அடுத்த கிளாஸ், ஐசிஎஸ்-400க்கு ரெஜிஸ்டர் பண்ணினேன். மெயில்ல வந்த பதில நம்பாம போன் போட்டு, என் எஸ்ஐடிய சொல்லி, ஸ்க்ரீன்ல என்னென்ன கோர்ஸ் தெரியுதுன்னு ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டச் சொன்னேன். 100, 200, 300, 700, 800. பேரையும் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னேன். என் பேர், அப்பா பேர், ரெண்டும் சரியா இருந்துச்சு.