கூரை வரைந்து பழகி வேலை வாங்கிய அனுபவம்

வேலை தேடிக்கொண்டிருந்தபோது எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் "முன் அனுபவம் தேவை" என்றே இருந்தது. வரைபடத் தரவு தொடர்பான ஜிஐஎஸ் பாடம் படித்திருந்தேன். எடுத்துக் காட்டத்தான் கையில் ஒன்றும் இல்லை. சரி, சம்பளம் இல்லாவிட்டாலும் உண்மையான வேலையாகச் செய்து பழகுவோம் என்று ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தன்னார்வலராகச் சேர்ந்தேன்.

2004இல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம் அது. 2010இல் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, பல நாட்டுத் தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சாலைகளையும் கட்டடங்களையும் வரைந்து கொடுத்தார்கள். மீட்புப் பணிக்கு அது பயன்பட்டது. அந்த முயற்சியிலிருந்து உருவான ஹியூமானிட்டேரியன் ஓபன்ஸ்ட்ரீட்மேப் டீம் அமைப்பின் டாஸ்கிங் மேனேஜர் தளத்தில்தான் நான் வேலை செய்தேன். ஒரு பகுதியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்து முடித்துக் கொடுத்தால், வேறொருவர் சரிபார்ப்பார்.

பார்க்க எளிதான வேலை. கூரையின் மூலைகளைச் சொடுக்கி, 'க்யூ' விசையை அழுத்தினால் கோணங்கள் செங்கோணமாகிவிடும். ஆனால் படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால், உயரமான கட்டடத்தின் கூரை அதன் அடியிலிருந்து விலகித் தெரியும். கூரையை வரைந்துவிட்டு, அந்த வடிவத்தை அப்படியே சுவர் தரையைத் தொடும் இடத்துக்கு நகர்த்த வேண்டும். எந்தப் பாடத்திலும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. முகம் தெரியாத ஒரு சரிபார்ப்பாளர் பொறுமையாக எழுதிப் புரியவைத்தார். அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அப்புறம் நானே சரிபார்க்கத் தொடங்கினேன். அங்கேதான் பெரிய பாடம். புதிதாக வந்தவர் சுணங்கிப் போகாதபடி, எது சரியாக இருக்கிறது, எதை மாற்ற வேண்டும், ஏன் என்பதை நாலு வரியில் எழுதத் தெரிய வேண்டும். மென்பொருளைப் பழகுவதைவிட இது கடினம்.

முதலில் ரெஸ்யூமேயின் கடைசியில் "தன்னார்வப் பணி" என்று ஒரு வரி போட்டிருந்தேன். விவரம் தெரிந்த ஒருவர் அதைப் "பணி அனுபவம்" பகுதிக்கு மாற்றச் சொன்னார். சம்பளம் இல்லை என்பதை மறைக்காமல், செய்த வேலையை எழுதினேன்: கட்டடங்கள் வரைதல், தரவுத் தரம் பார்த்தல், புதியவர்களுக்கு வழிகாட்டுதல். கூடவே என் பயனர் பக்கத்தின் இணைப்பு. அங்கே ஒவ்வொரு திருத்தமும் தேதியோடும் குறிப்போடும் எல்லோரும் பார்க்கும்படி பதிவாகியிருக்கும்.

இன்டர்வியூவில் அந்தப் பக்கத்தையே திறந்து வைத்துக் கேள்வி கேட்டார்கள். இரண்டு செயற்கைக்கோள் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டபோது, யோசிக்காமல் பதில் வந்தது. தரவுச் சரிபார்ப்பு வேலை கிடைத்தது.

எல்லாத் தன்னார்வப் பணியும் இப்படி உதவாது. செய்ததை யார் பார்த்துத் திருத்துவார்கள், வெளியில் காட்ட முடியுமா என்று சேருமுன் கேட்டுவிடுங்கள். லாபம் பார்க்கும் நிறுவனம், சம்பளம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையைத் தன்னார்வம் என்ற பெயரில் கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். வேலை தேடுகிறவருடைய நேரத்துக்கு மதிப்பு உண்டு.