பைண்டர் கிழித்த பக்கங்கள்

ஜூன் 3, 2024, திங்கள்

தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இன்று முழுவதும் பழைய தமிழ் இதழ்களோடு கழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் பட்டணத்து நாடகக் கொட்டகைகளும் பயாஸ்கோப்புகளும் சங்கீத சபைகளும் ஜனங்களை எப்படிக் கூட்டின, அப்படிக் கூடிய கூட்டத்தை நம்பி உள்ளூர் வியாபாரிகள் தங்கள் சரக்கை எப்படி விற்றார்கள் என்பதைத்தான் இந்த மாதம் தேடப்போகிறேன். படித்ததையும் பார்த்ததையும் அவ்வப்போது இங்கே எழுதி வருவேன்.

தொடக்கத்திலேயே ஒரு பெரிய இழப்பு கண்ணில் படுகிறது. அந்தக் காலத்தில் மாத இதழ்களை ஆண்டுத் தொகுதியாக பைண்டு செய்தவர்கள், கதையும் கட்டுரையும் இருந்தால் போதும் என்று எண்ணி, மேலட்டையையும் அதை ஒட்டியிருந்த விளம்பரத் தாள்களையும் உருவி எறிந்துவிட்டுத்தான் தைத்திருக்கிறார்கள். எந்த நூலகத்தின் கைக்கும் வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பே, வீடுகளிலும் வாசகசாலைகளிலும் நடந்துவிட்ட காரியம் இது. ஒரு நாடகத்துக்கு தரை டிக்கெட் என்ன விலை, எந்தத் தைலத்தை எந்தத் தெருவில் வாங்கலாம், எந்தக் கடை கிராமபோன் தட்டு விற்றது என்பதெல்லாம் அந்தத் தாள்களில்தான் இருந்தன. அதே இதழின் தலையங்கம் முழுமையாகக் கிடைக்கிறது. ஆனால் அந்தத் தலையங்கத்தைப் படித்தவர் மாலையில் எங்கே போனார், எதை வாங்கினார் என்பது கிடைப்பதில்லை. எனக்கு இது மனத்தாங்கலான விஷயம்.

செய்தித்தாள்களில் இந்தச் சேதம் குறைவு. ‘தி ஹிந்து’ 1958 வரைக்கும் தன் முதல் பக்கத்தையே விளம்பரத்துக்கு விட்டிருந்ததால், அதைக் கிழித்தால் நாளிதழின் பெயரும் தேதியும் சேர்ந்து போய்விடும். ஆகவே அது தப்பித்தது. 1899-இல் நாளிதழான ‘சுதேசமித்திரன்’ பக்கங்களில் செய்தியும் விளம்பரமும் பின்னிக் கிடப்பதால் பிரித்தெடுக்கவே முடியாது. இந்தப் பக்கங்களைப் பார்க்கும்போது தபால் இலாகாவுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. 1877-இல் வந்த வி.பி.பி. முறையால், சரக்கு கைக்கு வந்தபின் தபால்காரரிடம் பணம் கொடுத்தால் போதும் என்றானது. ஜாம்நகரில் செய்த ஆதங்க நிக்ரஹ மாத்திரையைத் தமிழ்நாட்டின் ஏதோ ஒரு சிற்றூரில் இருப்பவரும் தைரியமாக எழுதிக் கேட்க முடிந்தது அதனால்தான்.

ஜூன் 5, புதன்

மவுண்ட் ரோடு. இன்றைய அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்துக்குள் அஞ்சல்தலைப் பிரிவு இயங்கும் சிறிய கட்டடம்தான் 1913-இல் வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர் திறந்த எலெக்ட்ரிக் தியேட்டர். சில ஆண்டுகளுக்குள் காட்சிகள் நின்று தபால் இலாகாவின் கைக்கு வந்ததனால்தான் அது இன்றும் நிற்கிறது என்பது என் எண்ணம். தொடர்ந்து படம் ஓடியிருந்தால் என்றோ இடித்துக் கட்டியிருப்பார்கள்.

அந்தப் பெயரையே ஒரு விளம்பரமாகத்தான் படிக்க வேண்டும். சென்னையில் மின்சார டிராம் 1895 முதலே ஓடிக்கொண்டிருந்தாலும், வீட்டுக்குள் மின்விளக்கு என்பது பெரும்பாலோருக்கு எட்டாத காலம். அப்படிப்பட்ட ஊரில் கட்டடத்தின் நெற்றியில் ‘எலெக்ட்ரிக்’ என்று எழுதிவிட்டால், உள்ளே என்ன படம் என்று சொல்லாமலேயே பாதி டிக்கெட் விற்றுவிடும்.

அதே சாலையில் ஸ்பென்சரும், பி. ஆர் அண்ட் சன்ஸும், ஹிக்கின்பாதம்ஸும் செய்ததும் ஏறக்குறைய இதுதான். கண்ணாடி அலமாரி, கோபுரம், கடிகாரம் என்று கட்டடத்தையே காட்சியாக நிறுத்தினார்கள். பி. ஆர் கடையின் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து நேரம் தெரிந்துகொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அங்கே கைக்கடிகாரம் வாங்கியிருக்க மாட்டார். ஆனால் அத்தனை பேர் மனத்திலும் நேரம் என்றால் அந்தக் கடை என்று பதிந்துபோனது. இந்தக் கடைகள் ஆங்கிலத்தில், துரைமார்களையும் அவர்களைப் பார்த்து நடந்துகொண்ட வக்கீல்களையும் ஜமீன்தார்களையும் நோக்கிப் பேசின. அந்தப் பேச்சு ஜார்ஜ் டவுன் வரைக்கும் போய்ச் சேரவில்லை.

போய்ச் சேர வைத்தவர் ரகுபதி வெங்கையா. மவுண்ட் ரோட்டில் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர்; அதை அடமானம் வைத்து, படத்தையும் இசைத்தட்டையும் இணைத்து ஓட்டும் குரோனோமெகாபோன் என்ற கருவியை வரவழைத்தார். விக்டோரியா பப்ளிக் ஹாலில் அதைக் காட்டிவிட்டு, பர்மா, இலங்கை வரை கொண்டுபோனார். 1914-இல் பிளாக்கர்ஸ் சாலையில் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் சினிமாக் கொட்டகை அதுதான். அவருடைய அடுத்த அடி இன்னும் முக்கியமானது: கிரௌன் தியேட்டரைத் தங்கசாலைத் தெருவிலும், குளோப் தியேட்டரைப் புரசைவாக்கத்திலும் வைத்தார். ஜனங்கள் மவுண்ட் ரோட்டுக்கு வரட்டும் என்று காத்திராமல், கடைத்தெருவும் குடியிருப்பும் ஒன்றாக இருக்கும் இடத்துக்கே படத்தைக் கொண்டுபோன அவருடைய வியாபாரப் புத்திக்கு இன்றுவரை போதிய மதிப்பு கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

ஜூன் 6, வியாழன்

விக்டோரியா பப்ளிக் ஹாலைப் புதுப்பிக்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்ததால் வெளியில் நின்றுதான் பார்க்க முடிந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் நடந்த மேடை உள்ளே இருக்கிறது. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலேயே; அருகில்தான் பழைய மூர் மார்க்கெட் என்ற சந்தை இருந்த இடம். ரயிலிலிருந்து இறங்கியவர் சாமான் வாங்கிவிட்டு நாடகமும் பார்த்துவிட்டுப் போகும்படி அமைந்த இடம். நோட்டீஸ் கொடுக்க இதைவிட நல்ல முனை வேறு எது?

ஜூன் 10, திங்கள்

இன்று நாடக நோட்டீஸ்கள். இந்தத் தேடலிலேயே எனக்கு மிகவும் பிடித்த நாள் இதுவாகத்தான் இருக்கும்.

என் முன்னே இருந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மெல்லிய ரோஸ் நிறத் தாள், அகலத்தைவிட நீளம் இரண்டு பங்குக்கு மேல். உச்சியில் தெய்வத் துணை. அதன்கீழ் கொட்டகையின் பெயரும் கிழமையும் இரவு மணியும். நடுவில், தாளின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு, மர அச்சு எழுத்தில் நாடகத்தின் பெயர். அதற்கு அடுத்த பெரிய எழுத்து ராஜபார்ட் நடிகருக்கு, அதற்கும் சிறியது ஸ்திரீபார்ட்டுக்கு, பிறகு பபூனுக்கு, கடைசியில் ஹார்மோனியம் வாசிப்பவருக்கு. எழுத்தின் உயரத்தைப் பார்த்தே யாருக்கு எவ்வளவு மவுசு என்று சொல்லிவிடலாம். அடியில் டிக்கெட் விகிதம்: சோபா, நாற்காலி, பெஞ்சு, தரை, பெண்களுக்குத் தனி இடம். இவற்றுக்கும் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும்.

அந்தக் கடைசி வரி அலங்காரத்துக்காகப் போட்டதன்று. இந்தியாவில் அச்சாகும் எந்தத் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் தெளிவாக இருக்க வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியது. ராஜத்துரோகம் எழுதுபவரைப் பிடிப்பதற்கு அரசாங்கத்துக்கு அது உதவியது. நமக்கோ, வருஷமே போடாமல் கிழமையும் தேதியும் மட்டும் போட்ட நோட்டீஸ்களுக்குக் காலத்தையும் இடத்தையும் கண்டுபிடிக்க அந்த அச்சக வரிதான் பிடிமானம்.

இந்த நோட்டீஸ்களை மாட்டு வண்டியில் வைத்துக்கொண்டு, தமுக்கோ பாண்டு வாத்தியமோ முன்னால் முழங்க, தெருத்தெருவாக வீசிக்கொண்டு போவார்கள். சினிமாவும் அதே வண்டியில் ஏறிக்கொண்டது. மௌனப் பட காலத்தில் கொட்டகை வாசலிலேயே பாண்டு வாசித்து ஆள் சேர்ப்பதும் வழக்கம். படிக்கத் தெரியாதவருக்கு மேளச் சத்தமே செய்தி. படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்தால் தெருவே கேட்டுக்கொள்ளும். மலிவுப் புத்தகங்களுக்குப் பேர்போன சென்னைக் கடைத்தெருவான குஜிலி பஜாரில் விற்ற காலணாப் பாட்டுப் புத்தகங்களும் இதே வழியில்தான் பரவின. அவற்றின் பின்னட்டையில் அதே பதிப்பாளரின் மற்றப் பாட்டுகளுக்கும் நாடகப் புத்தகங்களுக்கும் விலைப்பட்டியல் இருக்கும். நல்லவேளையாக, இவ்வளவு மெலிந்த புத்தகங்களை பைண்டு செய்ய யாரும் மெனக்கெடவில்லை.

ஜூன் 15, சனி

அமிர்தாஞ்சனம் பற்றி மட்டும் இன்று.

காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் இந்தத் தைலத்தைத் தொடங்கினார். 1908-இல் அங்கேயே ‘ஆந்திர பத்திரிகா’வை வார இதழாக நடத்தி, 1914-இல் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்து நாளிதழாக்கினார். தைலத்தில் வந்த பணம் பத்திரிகையைத் தாங்கியது. பத்திரிகை தைலத்தின் பெயரைச் சொன்னது. பிற்காலத்தில் தேசியப் போராட்டத்துக்கும் இந்த ஏற்பாடு துணையாக நின்றது.

சங்கீதக் கச்சேரிகளில் அவர் தைலத்தை இலவசமாகக் கொடுத்தார் என்பது எல்லோரும் சொல்லும் செய்தி. ஆனால் அதில் இருக்கும் நுட்பத்தை யாரும் நின்று பார்ப்பதாகத் தெரியவில்லை. அன்றைய கச்சேரி நான்கு மணி, ஐந்து மணி நேரம் போகும். மின்விசிறி இல்லாத கூடம், நெருக்கம், புழுக்கம், தலைவலி. அங்கே பத்துப் பேர் நெற்றியில் தடவினால், கற்பூரம் கலந்த அந்தக் காரமான வாசனை கூடம் முழுவதும் பரவும். தடவாதவரும் பக்கத்திலிருப்பவரிடம் அது என்னவென்று கேட்பார். அச்சிட்ட விளம்பரம் எட்டாத இடத்தை வாசனை எட்டியது. சபைக்கு வருபவர்கள் காசு கொடுத்து வாங்கக் கூடியவர்கள், வீட்டுக்குப் போய் நாலு பேரிடம் சொல்லக் கூடியவர்கள் என்பதையும் அவர் கணக்கிட்டிருக்க வேண்டும்.

பெண்களுக்கான மருந்தாக ‘லோத்ரா’வை விற்ற கேசரி குடீரம் என்ற மருந்து நிறுவனமும், ‘கிருஹலட்சுமி’ என்ற தெலுங்குப் பத்திரிகையை நடத்தி இதே பாதையில் நடந்தது. தமிழர்கள் தங்கள் பட்டணத்து வரலாற்றை எழுதும்போது இந்தத் தெலுங்குக்காரர்களை ஒரு வரியில் கடந்துபோவது நியாயமாகாது.

ஜூன் 20, வியாழன்

1931 அக்டோபர் 31-ஆம் தேதி கினிமா சென்ட்ரல் என்ற சென்னைக் கொட்டகையில் ‘காளிதாஸ்’ வெளியானது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசிய படம், டி.பி. ராஜலட்சுமி கதாநாயகி; கதைக்குச் சம்பந்தமில்லாமல் தியாகராஜர் கீர்த்தனையும் தேசியப் பாட்டும் உண்டு. பேசும் படம் வந்தபின் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பது பெரிய வியாபாரமாயிற்று. நாடக மேடையின் குஜிலிப் பழக்கம் அப்படியே சினிமாவுக்குக் குடிபெயர்ந்தது. அந்தப் புத்தகத்தின் பின்னட்டையை சோப்புக்காரரும் தைலக்காரரும் கிராமபோன் கடைக்காரரும் வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரே இயந்திரத்தில் ரீல் மாற்றும் இடைவேளையில் கண்ணாடி ஸ்லைடில் உள்ளூர்க் கடையின் பெயரைத் திரையில் காட்டும் வழக்கமோ அதற்கும் முந்தையது. டூரிங் டாக்கீஸில் படம் பார்த்த தலைமுறைக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

இத்தனை இழைகளையும் ஒரே கையில் பிடித்தவர் எஸ்.எஸ். வாசன். பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேர்த்துத் தரும் ஏஜெண்டாகத் தொழில் தொடங்கியவர், 1926-இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய ‘ஆனந்த விகட’னை 1928-இல் வாங்கினார், எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் எட்டெழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்று சொல்வார்கள். விளம்பரக்காரரின் கண்ணோடு பத்திரிகைக்குள் வந்தவர் என்பதால், வாசகர் தொகை கூடினால்தான் விளம்பர விலை கூடும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குறுக்கெழுத்துப் போட்டி அப்படி வந்தது. பின்னால் ஜெமினி ஸ்டூடியோவும் வந்தது. முப்பதுகளின் விகடன் தொகுதிகளை அடுத்த வாரத்துக்குக் கேட்டிருக்கிறேன்; அட்டையோடு இருப்பவை எவை என்று முதலில் பிரித்துக்கொண்டு, போட்டி அறிவிப்பு வந்த இதழ்களில் விளம்பரப் பக்கம் கூடுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.