ஏழாம் நாள் தட்டும் கடைசித் தேதியும்

பூசணம் வளர்க்கும் பெட்ரித் தட்டுகளை அளக்க வேண்டிய ஏழாம் நாளும், அபராதமில்லாமல் பருவக் கட்டணம் கட்டக் கடைசி நாளும் ஒரே செவ்வாய்க்கிழமையில் வந்து விழுந்தன. முனைவர் பட்ட ஆய்வில் எனக்கு அது இரண்டாம் ஆண்டு. வங்கிக் கணக்கில் இருந்தது ஆயிரத்துச் சொச்சம்.

என் ஆய்வு வாழை வாடல் நோயைப் பற்றியது. தொட்டியம், குளித்தலைப் பக்கம் ரஸ்தாளி போட்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அடியிலைகளின் ஓரம் மஞ்சளாகும். பிறகு காம்பு மடிந்து இலைகள் மரத்தைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கும். மாதிரி எடுக்கப் போன ஒரு தோட்டத்தில், பெரியவர் ஒருவர் பேசாமல் அரிவாளை எடுத்து அடித்தண்டைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பு வளையங்கள். ஃபியுசேரியம் என்ற மண் பூசணம் வேர் வழியே ஏறி, நீர் போகும் குழாய்களை அடைத்துவிட்டதன் தடம் அது. இதன் தடித்த சுவர் வித்துகள் வாழையே இல்லாத மண்ணிலும் பல்லாண்டுகள் கிடக்கும். போன நூற்றாண்டின் நடுவில் உலக ஏற்றுமதித் தோட்டங்களிலிருந்து குரோ மிஷேல் ரகத்தை ஒழித்துக்கட்டியது இந்த நோய்தான். “மருந்து என்னம்மா?” என்று பெரியவர் கேட்டதற்கு, நோயில்லாத தோட்டத்துக் கன்றாக வாங்கி நடுங்கள் என்பதற்கு மேல் அன்று என்னிடம் பதில் இல்லை.

நோய் வந்த தோட்டங்களிலும் சில மரங்கள் தப்பி நிற்கும். அவற்றின் வேர்மண்ணிலிருந்து ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணத்தைப் பிரித்து, அது ஃபியுசேரியத்தை எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பது என் வேலை. 9 செ.மீ. தட்டின் ஒரு ஓரத்தில் ட்ரைக்கோடெர்மா, எதிர் ஓரத்தில் ஃபியுசேரியம், இரண்டும் 5 மி.மீ. வில்லைகளாக. ஒப்பீட்டுக்கு ஃபியுசேரியம் மட்டும் தனியாக ஒரு தட்டில். நாள் தப்பினால் அந்தத் தனித்தட்டில் பூசணம் ஓரத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் வளர இடமில்லாததால், எவ்வளவு தடுத்தது என்ற விழுக்காட்டுக் கணக்கு பொய்யாகிவிடும்.

அந்தச் செவ்வாயும் புதனும் நான் கட்டணப் பிரிவு வாசலில் நின்றேன். எங்களில் பலர், பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் படிக்கும் ஆதிதிராவிட மாணவர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் கிடைக்கும் தொகை அது. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கீடு வந்ததிலிருந்து பணம் இரண்டு தவணையாக வருகிறது. கட்டாயம் வரும், ஆனால் பருவம் தொடங்கும்போது வராது. பல்கலைக்கழகமோ முதலில் கட்டு, பிறகு வாங்கிக்கொள் என்றது. தாமதித்தால் நாள் கணக்கில் அபராதம். வியாழக்கிழமை ஆய்வகத்துக்குத் திரும்பியபோது 48 தட்டுகளும் வீணாகியிருந்தன. நெறியாளர் திட்டவில்லை. “பூசணத்திடம் மனுக்கொடுத்து அவகாசம் வாங்க முடியாதம்மா” என்று மட்டும் சொன்னார்.

உதவித்தொகை வரும்வரை அபராதமில்லாமல் அவகாசம் கேட்டு நாங்கள் எழுதிய முதல் மனு மூன்று பக்கம். வறுமை, கண்ணீர், அப்பாவின் கூலி எல்லாம் அதில் இருந்தன. நேரில் கொடுத்துவிட்டு வந்தோம். பத்து நாள் கழித்துக் கேட்டால், அப்படியொரு மனுவே வரவில்லை என்றார்கள். தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரை வாங்க வேண்டும் என்பதுகூட முதுகலை முடித்த எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டாவது மனுவை ஆய்வுக் குறிப்பேடு எழுதுவதுபோல எழுதினேன். ஒரே ஒரு அட்டவணை: கட்டணம் கட்டிய தேதி, உதவித்தொகை வந்த தேதி, கட்டிய அபராதம். 37 பேரிடம் இந்தத் தகவலைத் திரட்ட ஐந்து வாரம் ஆனது. “என் பெயர் வேண்டாம் அக்கா, பதிவெண்ணும் வேண்டாம்” என்றவர்களே அதிகம். பகலில் அட்டவணை, இரவு ஒன்பதுக்கு மேல், வடிகட்டிய காற்று வீசும் லாமினார் ஃப்ளோ மேடை முன்னால் ஸ்பிரிட் விளக்கு என்று நாள்கள் போயின. தூக்கக் கலக்கத்தில் இரண்டு முறை விரலைச் சுட்டுக்கொண்டேன்.

திரட்டும்போதுதான் ஒன்று தெரிந்தது. ஐந்து பேருக்குப் பணம் எப்போதோ வந்துவிட்டிருந்தது! ஆதாருடன் கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் தொகை போகும். ஒரு தம்பிக்கு அது, பள்ளி நாளில் ஊரில் திறந்து மறந்துபோன கணக்கு. இரவு பஸ்ஸில் போய்ப் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்துவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எனக்குத் தொலைபேசினான். அந்த ஐந்து வரிகளையும் நீக்கச் சொன்னேன். எண்ணிக்கை குறைகிறதே என்று என்மேல் வருத்தப்பட்டவர்கள் உண்டு. ஒரு வரி பொய்யானாலும் மற்ற 32-ஐயும் தூக்கிப்போடப் பல்கலைக்கழகத்துக்கு அது போதும் என்பது என் கட்சி.

கூடவே பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரே கேள்வி கேட்டேன்: உதவித்தொகைக்குக் காத்திருக்கும் மாணவரிடம் அபராதம் வாங்க எந்த ஆணை இடமளிக்கிறது? முப்பது நாள் கெடு முடியும் தறுவாயில் பதில் வந்தது. “தனி ஆணை ஏதுமில்லை.” அட்டவணையோடு அந்தத் தாளையும் இணைத்துக் கொடுத்த பிறகுதான் எங்களை உட்காரவைத்துப் பேசினார்கள். உறுதிமொழிக் கடிதம் கொடுத்தால் தொகை வரும்வரை அவகாசம்; அபராதம் இல்லை; ஏற்கெனவே கட்டிய அபராதத்தை அடுத்த பருவத்தில் கழித்துக்கொள்வார்கள். வகுப்பெல்லாம் முடித்து ஆய்வேடு மட்டும் எழுதுகிறவர்கள் எதற்கு முழுக் கட்டணம் கட்ட வேண்டும் என்று கேட்டதற்கு மட்டும், பார்க்கலாம் என்றார்கள்.

அதற்கும் ஒரு வில்லை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். வீணான 48 தட்டுகளையும் திரும்பப் போட்டு அளந்தாயிற்று. குளித்தலை மண்ணில் கிடைத்த ஒன்று நன்றாகத் தடுக்கிறது. இப்போது தொட்டிச் சோதனை நடக்கிறது. இன்று காலை ஒரு கன்றின் அடியிலை ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது. ட்ரைக்கோடெர்மா இடாத தொட்டியில்தான்.