அச்சு மாறிய 30 ஆயிரம் செங்கல்

மலாவியில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டிய கதை இது. கட்டியது ஊர்க்காரர்கள், நான் பிக்கப் ஓட்டினேன், மனு எழுதினேன், அவ்வளவுதான். அதற்கே மாவட்ட அலுவலகத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

தலைநகர் லிலோங்வேயில் ஒரு மொத்தக் கடையில் எனக்குக் கணக்கு வேலை. எங்கள் கிடங்குக்காரரின் ஊர் டெட்சா பக்கம். அங்கே ஒன்றாம் வகுப்பு மாமரத்தடியில் நடக்கும். மழை வந்தால் பள்ளி விட்டாச்சு. 1994இல் தொடக்கக் கல்விக்குக் கட்டணம் இல்லை என்றதும் நாடு முழுக்க ஏறக்குறைய 10 லட்சம் பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். கட்டடம் அந்த வேகத்தில் வரவில்லை. அதனால் செங்கல், மணல், தண்ணீர், ஆள் எல்லாம் ஊர் தர வேண்டும், தகரமும் சிமெண்டும் அரசோ தொண்டு நிறுவனமோ தரும் என்பதுதான் இங்கே வழக்கம்.

ஊர் தன் பங்கில் குறை வைக்கவில்லை. சோள அறுவடை முடிந்து ஜூனில் ஆரம்பித்தார்கள். ஆண்கள் மண் மிதித்துக் கல் அறுக்க, பெண்கள் ஓடையிலிருந்து தலையில் தண்ணீர் சுமந்தார்கள். ஆள் வராத வீட்டுக்கு ஊர்த்தலைவர் ஒரு கோழி அபராதம் போட்டார். (ஒரு சனிக்கிழமை போகவில்லை என்று என்னிடமும் வாங்கிவிட்டார்கள்.) ஆகஸ்டில் சூளை பிரித்தபோது 30 ஆயிரம் கல்.

கட்டட அதிகாரி வந்தார். ஒரு கல்லை எடுத்து இன்னொன்றோடு தட்டிப் பார்த்தார், சத்தம் நன்றாகத்தான் கேட்டது. அப்புறம் டேப்பை எடுத்தார். "இது வீட்டு அச்சு. பள்ளி வரைபடத்துக்கு ஆகாது."

ஊரில் வீடு கட்ட வைத்திருந்த மர அச்சிலேயே அறுத்திருந்தோம். மே மாதமே அந்த அதிகாரியின் மாவட்ட அலுவலகத்தில் வரைபடம் கேட்டேன். "முதலில் செங்கல், பிறகுதான் வரைபடம்" என்று திருப்பி அனுப்பியவர்கள், அச்சின் அளவு பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் வரைபடம் கைக்கு வராமல் மண்ணைத் தொடாதீர்கள். தர மறுத்தால், பக்கத்தில் புதிதாகக் கட்டிய பள்ளி ஒன்றுக்குப் போய் ஒரு கல்லையாவது அளந்துகொண்டு வாருங்கள்.

மறுபடி அறுத்தோம். நவம்பரில் மழை இறங்குவதற்குள் சூளை வைத்தாக வேண்டும். ஒரு மழை முந்திக்கொண்டது. புல் போட்டு மூடாத பச்சைக் கல் சில ஆயிரம் காலையில் வெறும் சேறு. விறகும் பெரிய தலைவலி. சுற்றிலும் மரம் இல்லை, ஊர்த்தலைவர் தன் யூக்கலிப்டஸ் மரங்களைக் கொடுத்ததால் தப்பித்தோம்.

அப்புறம் காகிதம். நிலம் ஊருக்குப் பொதுவானது என்பதால் தலைவர்களின் சம்மதக் கடிதம் வேண்டும். ஊர்த்தலைவர் கையெழுத்தோடு போனால், "டி.ஏ. முத்திரை எங்கே?" டி.ஏ. என்பவர் பல ஊர்களுக்கு மேலே இருக்கும் பெரிய தலைவர். அவரைத் தேடிப் போன அன்று அங்கே ஒரு சாவு. சாவு விழுந்தால் அந்த வட்டாரத்தில் மண்வெட்டிகூட அசையாது. கிளம்பும் முன் போன் போட்டு விசாரித்துக்கொள்வது நல்லது. இரண்டாம் முறை முத்திரை கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு போனால் மாவட்ட அலுவலகத்தில் குமாஸ்தா, "மாவா" என்றார். சிச்சேவா மொழியில் நாளை என்று பொருள். நான்கு முறை கேட்டேன் அந்த மாவாவை.

ஐந்தாம் முறை நான் பேசவே இல்லை. பள்ளியின் தாய்மார் குழுவிலிருந்து ஆறு பேரைப் பிக்கப்பில் ஏற்றிப் போனேன். முதுகில் குழந்தை, கையில் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. குமாஸ்தாவின் அறை வாசலில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். குமாஸ்தாவுக்கும் ஒரு துண்டு நீட்டினார்கள். பிற்பகல் மூன்று மணிக்குக் கையெழுத்து விழுந்தது.

தகரம், சிமெண்ட், கொத்தனார் எல்லாம் அடுத்த கோடையில் சிக்கலில்லாமல் வந்தன.

முதலில் அறுத்த 30 ஆயிரம் கல் இன்னும் மாமரத்தடியில் அடுக்கியபடி இருக்கிறது. தங்க வீடு இல்லாத ஊருக்கு ஆசிரியர் யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். போன வாரம் ஆசிரியர் குடியிருப்புக்கு மனு கொடுக்கப் போனேன். "செங்கல் இருக்கிறதா?" என்றார் அதே குமாஸ்தா. இருக்கிறது, வீட்டு அச்சு என்றேன்.