மல்டிவெர்ஸ் தொடரை நாமே பதிப்பித்தால் எங்கெல்லாம் இடிக்கும்: மூன்றாம் தொகுதி வரை வந்த அனுபவம்

பலர் சேர்ந்து எழுதும் மல்டிவெர்ஸ் (பல இணை உலகங்கள்) அறிவியல் புனைவுத் தொடரின் மூன்றாம் தொகுதி ஒருவழியாகக் கிண்டிலிலும் அச்சிலும் வந்துவிட்டது. கதை வாங்கியது, செம்மை பார்த்தது, மெய்ப்புத் திருத்தியது எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. உயிரை வாங்கியது கதைக்கு வெளியே இருந்த வேலைகள்தான். இதே மாதிரி ஒரு தொடரைத் தொடங்கும் எண்ணம் இருந்தால், முதல் கதையைக் கேட்டு வாங்குவதற்கு முன்னாலேயே இதைப் படித்துவிடுங்கள்.

பெரிய அடி ஒரு கதாபாத்திரத்தால் விழுந்தது. முதல் தொகுதியில் ஒரு எழுத்தாளர் உருவாக்கிய பெண் விஞ்ஞானி அவள். வாசகர்களுக்குப் பிடித்துப்போனதால் மற்றவர்களும் தங்கள் உலகங்களுக்கு அவளைக் கூட்டிப்போனார்கள். ஓர் உலகில் அணை கட்டும் பொறியாளர், இன்னொன்றில் ஆயுள் கைதி, மற்றொன்றில் அவள் பிறக்கவே இல்லை, அம்மா மட்டும் இருக்கிறார். மல்டிவெர்ஸ் தொடரின் சுவையே இதுதானே. மூன்றாம் தொகுதிக்குப் பக்க வடிவமைப்பு முடிந்திருந்த நேரத்தில், அவளை உருவாக்கியவர் தொடரிலிருந்து விலகினார். இனி யாரும் அந்தப் பாத்திரத்தைத் தொடக்கூடாது என்று எழுதி அனுப்பினார். எங்கள் கையில் இருந்தது, வாட்ஸ்அப் குழுவில் முன்பொரு நாள் அவர் போட்ட “தாராளமா எழுதுங்க” என்ற ஒற்றை வரி.

அந்த வரியை வைத்துக்கொண்டு புத்தகம் போட முடியாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்கவேண்டும் என்கிறது. உரிமத்துக்கும் எழுத்து வேண்டும். அது 30ஆம் பிரிவு. ஒப்பந்தம் போட்டாலும் அதில் எதை எழுதாமல் விடுகிறோம் என்பது முக்கியம். கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். மின்னூலோ வெளியான நாளிலேயே உலகம் முழுக்க விற்பனைக்குப் போய்விடுகிறது! இன்னொன்றும் உண்டு: உரிமை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத பட்சத்தில், அந்த உரிமை காலாவதியாகிவிடும். கூட்டுத் தொகுதியில் ஒரு கதை தாமதமானாலும் மொத்தமும் நின்றுவிடும், ஓராண்டு ஓடிப்போவது சாதாரணம். ஆகவே “தொகுதி வெளிவரும் வரை, அல்லது இத்தனை மாதம் வரை” என்று வெளிப்படையாக எழுதிக்கொள்ளுங்கள்.

கதாபாத்திரம் என்று தனி வகை எதுவும் சட்டத்தில் கிடையாது. ஆகவே உங்களுக்குக் காவல் ஒப்பந்தம்தான். ஆங்கிலத்தில் 1987இல் தொடங்கிய, பலர் சேர்ந்து எழுதும் வைல்டு கார்ட்ஸ் தொடரில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பாத்திரம் அதை உருவாக்கியவருடையது. வேறொருவர் எடுத்தாண்டால் ஒப்புதல் வாங்கவேண்டும். வருமானத்தில் அவருக்குப் பங்கும் உண்டு. மல்டிவெர்ஸில் இது மட்டும் போதாது. ஒரே ஆளின் பல உலகப் பிரதிகள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழும். இப்போது எங்கள் ஒப்பந்தத்தில் மூன்று வரி சேர்த்திருக்கிறோம். மூலப் பாத்திரம் அதைப் படைத்தவருடையது. மற்றவர் எழுதிய பிரதி அந்தக் கதையை எழுதியவருடையது, ஆனால் தொடருக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. யாராவது விலகினால், விலகிய தேதிக்கு முன் ஏற்றுக்கொண்ட கதைகள் அப்படியே நிற்கும், அதன் பிறகு புதிதாக எழுதக் கூடாது. மூன்றாவது வரி முன்பே இருந்திருந்தால் வடிவமைத்த பக்கங்களைக் கலைக்க வேண்டி வந்திருக்காது. கடைசியில் அந்தப் பெண் வரும் இடங்களை எல்லாம் எழுதியவர்களே மாற்றிக் கொடுத்தார்கள். முகம் சுளிக்காமல் உட்கார்ந்து மாற்றினார்கள், அவர்களுக்கு இந்தத் தொடர் கடன்பட்டிருக்கிறது.

ஒப்பந்தத்தோடு ஒரு பக்கப் படிவமும் வாங்கிவிடுங்கள். கதை முன்பு எங்காவது வந்திருக்கிறதா, இணையத்தில் எங்காவது கிடைக்கிறதா, செயற்கை நுண்ணறிவு எழுதிய பகுதி எதுவும் உண்டா என்ற கேள்விகள் அதில் கட்டாயம் இருக்கவேண்டும். நாமே நூலை ஏற்றி வெளியிடும் அமேசானின் கேடிபி தளத்தில் 2023 செப்டம்பரிலிருந்து கடைசிக் கேள்வி ஒவ்வொரு நூலுக்கும் வருகிறது, அட்டைப்படமும் அதில் சேர்த்தி. பத்துப் பேர் எழுதிய தொகுதிக்குப் பதில் சொல்வது கணக்கு வைத்திருக்கும் ஒருவர்தான். கேட்டு எழுதி வாங்காமல் அவர் எப்படிப் பதில் சொல்வார்?

இரண்டாவது கேள்வியை அலட்சியமாக நினைக்காதீர்கள். இந்தியாவில் விற்கும் மின்னூலுக்கு 70 விழுக்காடு ராயல்டி வேண்டும் என்றால் மின்னூலை அமேசானுக்கு மட்டுமே தரும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும், இல்லையென்றால் 35தான். செலக்ட் என்றால் 90 நாளுக்கு மின்வடிவம் வேறு எங்கும் இருக்கக் கூடாது. மாதிரிக்குப் பத்து விழுக்காடு வரை வெளியிடலாம். இரண்டாம் தொகுதி வந்த மகிழ்ச்சியில் ஒருவர் தன் கதை முழுவதையும் வலைப்பூவில் போட்டுவிட்டார். இந்த உள்ளடக்கம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, உரிமையை உறுதிப்படுத்தவும் என்று கேடிபியிலிருந்து மடல் வந்தது. சிக்கல் ஒரு கதைக்குத்தான், ஆனால் நிறுத்தப்படுவது முழு நூல். பதிலில் கெஞ்சல் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். பக்கத்தை எடுத்தாயிற்று என்பதற்கான சுட்டி, எழுத்தாளரின் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இரண்டே வரி, அவ்வளவு போதும். 90 நாள் முடிந்ததும் செலக்ட் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வலைப்பூவில் போட ஆசைப்படுகிறவர்களுக்காக அதை முன்கூட்டியே நிறுத்திவைக்க வேண்டும்.

இனி எழுத்துரு. இதில் போன நேரம்தான் மனதை விட்டு அகலவில்லை. பங்களிப்பாளர்களில் மூத்தவர்கள் சிலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மாற்றியில் போட்டால் இப்போது எல்லாக் கருவியிலும் ஓடும் யூனிகோட் வந்துவிடும், வழக்கமான கதைக்கு அது போதும். அறிவியல் புனைவில் உலகங்களுக்கு எல்லாம் குறியீடு இருக்கிறதே! பாமினியில் ஆங்கிலப் பெரிய எழுத்து சி இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பது ஊ. பெரிய எழுத்து எக்ஸின் இடத்தில் ஓ. சாதாரண காற்புள்ளியின் இடத்தில் இ. ஆங்கில எழுத்துருவில் இருந்த குறியீடும் சேர்ந்து மாற்றியில் போனால், சி-7 உலகம் ஊ-7 ஆகவும் எக்ஸ்-4 உலகம் ஓ-4 ஆகவும் வெளியே வரும். மெய்ப்புப் பார்ப்பவர் அதைக் கதாசிரியரின் கற்பனை என்று நினைத்து விட்டுவிடுவார். இப்போது குறியீடு எதுவும் ஆங்கில எழுத்தில் வேண்டாம், எல்லாம் தமிழ்ப் பெயர்தான் என்று விதியே போட்டுவிட்டோம்.

யூனிகோடில் வந்த கோப்பும் ஒரே மாதிரி இருக்காது. “கோபுரம்” என்பதில் உள்ள ஓகாரக் குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகப் போடும், சில இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், தேடலுக்கு வேறு வேறு. ஒரு பெயரைத் தொடர் முழுக்க மாற்றும்போது பாதி இடத்தில் மாறி, பாதி அப்படியே நிற்கும். பைத்தான் நிரல்மொழியில், தனித்தனிக் குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி முறைக்கு இயல்பாக்கம் செய்யும் ஒரு வரியை எல்லாக் கோப்பிலும் முதலில் ஓட்டிவிட்டால் இது தீர்ந்தது. தீராதவை வேறு: எ எழுத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் ஏழு, க எழுத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் ஒன்று, துணைக்காலுக்குப் பதிலாக ர, ஔ இருக்கவேண்டிய இடத்தில் ஒ போட்டு ள. இவற்றைத் தனித்தனியாகத் தேடித்தான் மாற்றவேண்டும். தமிழ் எண்களைத் தேடுவது சுலபம், பெரும்பாலும் நூலில் அவை இருக்கவே கூடாது. இன்டிசைன் மென்பொருளில் பக்கம் கட்டுகிறவரிடம், தமிழ் எழுத்தைச் சரியாக அடுக்கும் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

அச்சில் எங்களுக்கு டெம்மி 1/8 என்ற நூல் அளவு. கதைகளை மாற்றி எழுதியதால் 256 பக்கம் 240 ஆயிற்று, அதாவது 16 பக்கம் கொண்ட ஒரு ஃபாரம் குறைந்தது. 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ காகிதத்தில் ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். 120 தாளுக்கு நூலின் முதுகு 12 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டு அட்டைக் கோப்பு கொடுத்தோம். அச்சகத்தில் அந்தக் காகிதம் கையிருப்பு இல்லை என்று, ஒரு வார்த்தை சொல்லாமல், அதே எடையில் பருமன் கூடிய காகிதத்தில் ஓட்டிவிட்டார்கள். முதுகு 14க்கு வந்து நின்றது. இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு முன்னட்டை, பின்னட்டை நிறம் முதுகில் ஏறி, முதுகில் இருக்கும் கறுப்புப் பட்டைக்கு இரண்டு பக்கமும் கோடு போட்ட மாதிரி தெரிகிறது. தனி நூல் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தொடர் நூல் அலமாரியில் வரிசையாக நிற்கும், முதல் இரண்டுக்கும் இதற்கும் ஒட்டவில்லை என்பது சட்டென்று தெரிந்துவிடும்.

ஜிஎஸ்எம் என்பது எடை, பருமன் அல்ல. ஆர்டர் கொடுக்கும்போதே அச்சிடப்போகும் அதே காகிதத்தில், அதே தாள் எண்ணிக்கையில் அச்சில்லாத மாதிரி நூல் (டம்மி) ஒன்று கட்டித்தரச் சொல்லுங்கள், வெர்னியரில் அளந்து அதற்குப் பிறகு அட்டையை முடியுங்கள். முதுகின் விளிம்பில் நிறம் மாறும் வடிவமைப்பே வேண்டாம். ஒரே நிறம் சுற்றிவரட்டும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளினாலும் தெரியாது.

பணம் பிரிப்பது பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். கேடிபி ஒரே கணக்குக்குத்தான் பணம் போடும், பங்கு பிரித்துத் தராது. மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்து வரும். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடில் படித்த பக்கக் கணக்கு நூல் முழுமைக்கும்தான் கிடைக்கும், யாருடைய கதையை எத்தனை பேர் படித்தார்கள் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. “என் கதைக்காகத்தான் வாங்கினாங்க” என்ற பேச்சுக்கு ஆதாரமும் இல்லை, மறுப்பும் இல்லை. சொல் எண்ணிக்கைப்படி பிரிக்கலாம் என்று முதலில் தோன்றும். தமிழில் ஒருவர் சேர்த்து எழுதுவதை இன்னொருவர் பிரித்து எழுதுவார், எண்ணிக்கை தாறுமாறாக வரும். வடிவமைத்த பக்கக் கணக்குத்தான் நியாயமாக இருக்கிறது. வருமானத்தில் ஒரு பகுதியை, மற்றவர் எடுத்தாண்ட பாத்திரத்துக்கும் உலகத்துக்கும் என்று ஒதுக்கினோம். அதன் பிறகு முணுமுணுப்பு நின்றது.

கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் மொத்தத் தொகையும் வருமானமாகத் தெரியும். மற்றவர்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வைத்துக்கொள்ளுங்கள். வரி விவரப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்தால் அமெரிக்க விற்பனையில் 15 விழுக்காடு பிடிப்பார்கள், கொடுக்காவிட்டால் 30. அந்தப் பிடித்தமும் கணக்கு வைத்திருப்பவர் பெயரில்தான் விழும். 70 விழுக்காட்டுத் திட்டத்தில் இந்தியக் கடையில் ஒரு மெகாபைட்டுக்கு 7 ரூபாய் அனுப்பு கட்டணம் கழியும், உள்ளே உலக வரைபடம் போடுகிறவர்கள் படத்தைச் சுருக்கிப் போடுங்கள்.

தொடர்ப் பக்கத்தில் நூல்களைச் சேர்ப்பது நிமிட வேலை, எல்லாத் தொகுதியும் ஒரே கேடிபி கணக்கில் இருந்தால். ஒவ்வொருவர் கணக்கில் ஒவ்வொன்று என்று போட்டால் உதவி மையத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். எந்த உலகத்திலிருந்து வேண்டுமானாலும் படிக்கத் தொடங்கலாம் என்றால் வரிசையற்ற தொடர் என்று தேர்ந்தெடுங்கள். கிளைக்கதைகளைத் தொடர்புடைய நூல்கள் என்ற பகுதியில் போடுங்கள்.

கதைக்குள் வரும் தகராறு ஒன்றே ஒன்றுதான். முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினால் “அது வேற உலகம்ங்க” என்று பதில் வரும். இந்தப் பதிலை ஒரு தடவை ஏற்றுக்கொண்டால் தொடர் உதிர்ந்துவிடும். உலகத்துக்கு உலகம் தாவுவது எப்படி, யாரால் முடியும், தாவினால் எதை இழக்கவேண்டும் என்ற மூன்றும் எந்த உலகத்திலும் மாறாது என்று தொடரின் விதிகளைத் தொகுத்திருக்கும் கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டோம். மற்றதெல்லாம் எழுதுகிறவர் விருப்பம். கையேட்டை எல்லாரும் படிக்கலாம், திருத்தும் அனுமதி ஒருவரிடம் மட்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதி போடவேண்டும், ஏனென்றால் பழைய பிரதியைப் பார்த்துக் கதை எழுதி அனுப்புகிறவர் கட்டாயம் இருப்பார்.

நூலுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு தொகுதிக்கும், ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி எண். கிண்டிலுக்கு மட்டும் தேவையில்லை. எண் கைக்கு வந்த பிறகு அட்டையை அச்சுக்குக் கொடுங்கள், பட்டைக்குறியை ஸ்டிக்கராக ஒட்டுவது பார்க்கச் சகிக்காது.

அச்சு நூல் வந்ததும் பலர் மறந்துபோகும் ஒன்று: 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி நம் செலவில் அனுப்பவேண்டும். சிறு பதிப்பாளர்களுக்கும் இது பொருந்தும். நல்ல கட்டமைப்புள்ள நான்கு பிரதிகளை முதலிலேயே எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, மிச்சத்தைப் பங்களிப்பாளர்களுக்குப் பிரியுங்கள்.