பழனியில் நிறைவேறிய அக்காவின் நேர்த்திக்கடன்

நெடுஞ்சாலையில் விளக்கின்றி நின்ற லாரியில் மோதிய இரவில், அக்கா மகனுடன் மோட்டார் சைக்கிளில் சென்ற நண்பன் அங்கேயே உயிரிழந்தான். இவனுக்கு வலக்கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. "பிள்ளையை மட்டும் கொடு, உன் மலையேறி வந்து முடி இறக்கச் செய்கிறேன்" என்று அக்கா மருத்துவமனை வாசலில் பழனியாண்டவரிடம் வேண்டிக்கொண்ட கடன், இந்தத் தைப்பூசம் கழிந்துதான் நிறைவேறியது.

முந்தைய மாலையில் முடி இறக்கிவிட்டு வெளியே வந்ததும் சூழ்ந்துகொண்ட தரகர்கள், அவனுடைய செயற்கைக் காலைக் கண்டு தரிசனத்துக்கான தொகையை உயர்த்திக் கேட்டதை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது. ஆண்டியாக நிற்பவன் வாசலில் இப்படியொரு வியாபாரம் நடக்கலாமா? மலைமேல் இழுத்துச் செல்லும் விஞ்ச் வண்டியில் போகலாம் என்று அக்கா கெஞ்சியும் அவன் இசையவில்லை. "யானைப் பாதையும் வேண்டாம் சித்தி, படியேறியே வருகிறேன்" என்றான். 693 படிகள். இடும்பன் சன்னதி அருகே உட்கார்ந்து செயற்கைக் காலைக் கழற்றியபோது, உராய்ந்த இடம் கன்றிச் சிவந்திருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு முருகா என்று எழுந்துவிட்டான்.

காலை விளா பூஜை வேளை. மாலை நேரத்து ராஜ அலங்காரத்திலேயே நான் கண்டிருந்த தண்டாயுதபாணி, அன்று ஆண்டிக் கோலத்தில், அத்தனையும் துறந்து ஒரு தண்டத்தை மட்டும் துணையாகக் கொண்டு நின்றார். எதிரே, பின்னாலிருந்து கூட்டம் நெருக்கித் தள்ளத் தள்ள, கைத்தடியை ஊன்றி மொட்டைத் தலையுடன் எங்கள் பிள்ளை நின்றான். இறந்துபோன நண்பனின் தாயார் கொடுத்தனுப்பிய பணத்தில், அவர் கேட்டுக்கொண்டபடியே இவன் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை நடந்தது. மகனைப் பறிகொடுத்தவருக்கு இவனுக்காக வேண்டிக்கொள்ளும் மனத்தை யார் கொடுத்தது? அக்கா தேம்பினாள். எனக்குக் கந்தர் அநுபூதியில் ஒரு வரிகூட நாவில் வரவில்லை.

தான் மட்டும் ஏன் பிழைத்தோம் என்று சுவரைப் பார்த்தே படுத்திருந்தவன் அவன். கால் பொருத்தச் சென்ற இடத்தில், நடை பழக அஞ்சி அழுத ஒரு சிறுவனைத் தன் காலைக் காட்டி நடக்க வைத்த பிறகு, செயற்கைக் கை கால்கள் செய்யும் படிப்பில் தானே சேர்ந்தான். வலி தீர வேண்டிக்கொண்டாயா என்று கேட்டதற்கு, "அளவெடுக்கும்போது கை தவறக் கூடாது என்று கேட்டேன் சித்தி" என்றான்.

பழனியப்பா, உயிரைக் கேட்டோம். அந்த உயிருக்கு ஒரு வேலையையும் சேர்த்துத் தந்தாய். அந்தத் தாயாரையும் ஒருமுறை உன் சன்னதிக்கு அழைத்து வருகிறோம், அவருக்கும் நீதான் துணை இருக்க வேண்டும்.