சேர் குடித்த பிளேன்ரீ

எங்கள் கணித ஆசிரியர், நாங்கள் 'சேர்' என்று கூப்பிட்டவர், காலமான செய்தி போன மாதம் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. கணிதத்தில் அவர் எடுத்துத் தந்த பெறுபேறுகளைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். என் மனதில் நிற்பது வேறு.

1996இல் போரில் கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து, பள்ளிக்கூடம் ஸ்கந்தபுரத்துப் பக்கம் கிடுகுக் கொட்டில்களுக்குள் வந்த காலம். 95 இடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடல்நீரேரி கடந்து வந்த நாங்கள், தலைமுறையாக வயலும் மாடும் வைத்திருந்த வன்னிப் பிள்ளைகள், தமிழருக்கு எதிரான 77 கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்து பாரதிபுரம், மலையாளபுரம் என்று குடியேறிய மலையகக் குடும்பங்களின் பிள்ளைகள், எல்லாரும் ஒரே வாங்கில்தான் இருந்தோம். ஆனால் இடைவேளைக்கு மணி அடித்தால் மூன்று மரத்துக்குக் கீழே மூன்று கூட்டம்.

சேர் இதைப் பற்றிப் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. பின்னேர வகுப்பில் ஒரு ஜாம் போத்தல் விளக்குக்கு மூன்று பேர், ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒருவர் என்று பிரித்துவிட்டார். மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில் யார் மறுப்பது?

என் விளக்கில் இருந்த மலையகப் பெடியன் அரிவி வெட்டு, அதாவது நெல் அறுவடைக் காலத்தில் வராமல் நின்றுவிட்டான். சேர் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அவனைத் தேடிப் போனார். வாய்க்கால் கரையோரம் மண் குடிசை. தாய் சாக்கை உதறி விரித்துவிட்டு, "டீ குடிப்பீங்களா சார்?" என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டார். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் எங்களைப் போன்றவர்கள். எங்கள் வீட்டார் அவர்கள் வீடுகளில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. சேர் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். உள்ளங்கையில் பனங்கட்டித் துண்டை வைத்துக் கடித்துக் கடித்துப் பால் விடாத அந்தப் பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கினார். நானும் குடித்தேன்.

அப்புறம் அவனிடம் வெட்டுக்கூலி எவ்வளவு, எத்தனை மணிக்கு வயலால் வருவாய் என்று விசாரித்தார். ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. அடுத்த நாளிலிருந்து வகுப்பு பொழுதுபட்ட பிறகுதான் தொடங்கியது. ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் நேரம் அவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்த குடும்பம் அது. இருந்த கடதாசிகளும் கலவரத்தில் எரிந்து போயின. இடம்பெயர்ந்திருந்த கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச அலுவலகத்துக்குச் சேர்தான் அலைந்தார். அவன் சோதனை எழுதினான்.

இப்போது கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தில், புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் துணையாக இருக்கிறேன். ஆப்கானியப் பெடியன் ஒருவன் நிலத்தைப் பார்த்தபடியே பதில் சொல்வான். அவனுக்கு அக்கறை இல்லை என்று அவன் ஆசிரியை முறையிட்டார். அது மரியாதை என்று நான் விளங்கப்படுத்தினேன். சேருக்கு முன்னால் நாங்கள் எல்லாரும் அப்படித்தானே நின்றோம். பிறகு தகப்பனிடம் கேட்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர் தந்தார்கள். அவன் இரவில் தகப்பனோடு கட்டடங்கள் துப்புரவு செய்யப் போவது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிள்ளையின் நாள் எப்படிப் போகிறது என்று தெரியாமல் அவனுக்கு என்ன வழிகாட்ட முடியும்? இது ஒரு பயிற்சிப் பட்டறையிலும் நான் படித்ததில்லை. சேரிடம் பார்த்தது.

கடைசியாகத் தொலைபேசியில் கதைத்தபோது எங்கள் பழைய மாணவர் சங்கம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய கதிரை மேசைகளுக்கு நன்றி சொன்னார். "இங்க ஒரு தவணைக்காவது வந்து நிண்டு படிப்பிக்க ஆள் இருந்தால் நல்லம் தம்பி," என்றார். பார்ப்பம் சேர் என்றேன். ஸ்காபரோப் பிள்ளைகளில் எனக்குப் பாசம் இருக்கிறது. அவர்களுக்கும் ஆள் தேவைதான். ஆனாலும் அந்த வாய்க்கால் கரையில் இன்றைக்கு ஓ.எல். எடுக்கும் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்க, அந்த மண்ணில் படித்த எங்களில் எத்தனை பேர் அங்கே மிஞ்சியிருக்கிறோம்?